அண்ணன் தட்டு

மார்ச் 3

அண்ணி,

போனில் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நாம் போனில் பேச ஆரம்பித்தால் நாலாவது வாக்கியத்தில் யாராவது ஒருத்தி "சரி, அடுப்புல வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறோம். எனக்கு நீச்சல் குளத்தில்தான் வேலை, அடுப்பில் ஒன்றும் கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

போன ஞாயிறு நடந்ததை ஊர் வந்து சேரும்வரை ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். அண்ணனுக்காகத்தான் அந்தப் பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அண்ணன் ஒரு வாழைப்பழத்தைப் பாதி உரித்துக் கையில் வைத்திருந்தான். நீங்கள் சமையலறையிலிருந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், குழந்தையிடமிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்குகிற மாதிரி அதைப் பிடுங்கினீர்கள். பிறகு மொத்தக் கூடையையும் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்து, "விடு தவளை, உங்கண்ணிக்கு வாழைப்பழ வாசனையே ஆகாது" என்றான். பொய் சொல்லத் தெரியாதவன். அவனுக்கு அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டிய நிலைமை வந்ததுதான் எனக்கு வலித்தது.

அப்பா எப்படிப் போனார் என்று உங்களுக்குத் தெரியும். ரத்தக் கொதிப்பு. ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அண்ணனுக்கும் ரத்த அழுத்தம் இருக்கிறது. மாத்திரை போடுகிறான். அதனால்தான் நான் பிடிவாதம் பிடிக்கிறேன்.

குளத்துக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். உப்பில் இருக்கும் சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறும். பொட்டாசியம் அந்தச் சோடியத்தைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும், ரத்தக் குழாய்களின் இறுக்கத்தைத் தளர்த்தும். தசை சுருங்கி விரிவதற்கே அது வேண்டும், இதயமும் ஒரு தசைதானே. இதற்கு மருந்துக்கடைக்குப் போக வேண்டியதில்லை. வாழைப்பழம், கீரை, உருளைக்கிழங்கு, பருப்பு, தக்காளி, தயிர் எல்லாவற்றிலும் இருக்கிறது. நாம் உப்பை அள்ளிக் கொட்டுகிறோம், இதையெல்லாம் ஓரம் கட்டுகிறோம்.

உங்கள் அலமாரியில் மேல்தட்டில் ஒரு உப்புப் பொட்டலம் வைத்துவிட்டு வந்தேன். சோடியம் குறைத்து அந்த இடத்தில் பொட்டாசியம் சேர்த்த உப்பு. அதையாவது பயன்படுத்துங்கள்.

தவளை


மார்ச் 14

தங்கைக்கு,

கடிதம் வந்தது. பாதியில் வைக்காமல் படித்தேன்.

உப்புப் பொட்டலத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பிரிக்கவில்லை.

நீ வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறாய். செருப்பைக் கழற்றுவதற்குள் என் சமையலறையில் நிற்கிறாய். டப்பாக்களைத் திறந்து மோந்து பார்க்கிறாய், எண்ணெய் பாட்டிலைத் திருப்பி எழுத்துக்களைப் படிக்கிறாய். சுகாதார ஆய்வாளர்கூட வாசலில் நின்று "உள்ளே வரலாமா" என்று கேட்பார். நான் ஒன்றும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

இன்னொன்று. என் புருஷனை நீ "அவன், இவன்" என்று எழுதும்போது எனக்கு வரும் எரிச்சல் தனி. உனக்கு அண்ணன், உரிமை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எரிச்சலும் இருக்கிறது.

நீ எழுதியதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் சில பேர், கூட வந்தவரின் கண்ணாடியை வாங்கி மாட்டிப் பார்த்து, "அட, இது நல்லாத் தெரியுதே, இதையே போட்டுக்கவா?" என்று கேட்பார்கள். கொஞ்ச நேரத்தில் தலைவலி வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கண்ணாடியில் குறை இருக்காது.

அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. அவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்காவது என்னை நம்பு.

அண்ணி


மார்ச் 29

அண்ணி,

நம்பச் சொல்கிறீர்கள், காரணம் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். அந்த வீட்டுக்கு நான் விருந்தாளி என்பது எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது.

சரி, இனி உங்கள் சமையலறையில் மூக்கை நுழைக்க மாட்டேன். ஆனால் அண்ணனுக்கு ஒன்று கொடுக்க எனக்கு உங்கள் சமையலறை வேண்டியதில்லை. நீங்கள் திருப்பி அனுப்பிய பொட்டலத்தோடு இன்னொன்றும் வாங்கி, இரண்டையும் சேர்த்து அவன் வேலை செய்யும் லிஃப்ட் கம்பெனி முகவரிக்கே போன வாரம் அனுப்பிவிட்டேன். உங்களுக்குத் தெரியாமல் செய்ததாக இருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அண்ணன் வேலையிடத்திலிருந்து போன் செய்தான். "உங்கண்ணி சமையல்ல உப்பே இல்லடி, நாக்கு செத்துப்போச்சு. டாக்டரும் உப்பக் குறைங்கறாரு. இது சோடியம் இல்லாத உப்புன்னா ரொம்ப நல்லதாப் போச்சு, மதியச் சாப்பாட்டுல தூவிக்கறேன்" என்றான். அவன் குரலில் எவ்வளவு சந்தோஷம் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். உப்பைக் குறைக்கிறீர்கள், அது நல்லதுதான். அதற்காக ஒரு மனிதன் ருசியையே மறந்துவிட வேண்டுமா?

கோபம் வந்தால் வரட்டும்.

தவளை


ஏப்ரல் 11

தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஆபத்து தாண்டிவிட்டது, அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் வேலை. மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறும்போது அவருக்கு முழங்கால் மடங்கிக்கொண்டே வந்திருக்கிறது. களைப்பு என்று நினைத்திருக்கிறார். ஸ்பேனரைப் பிடித்தால் கை பிடிக்கவில்லை. கூட வேலை பார்ப்பவர், அவர்கள் அப்போதுதான் சரிசெய்த லிஃப்டிலேயே அவரைக் கீழே இறக்கிக் கொண்டுவந்திருக்கிறார். நான் கடையிலிருந்து போனபோது நெஞ்சில் ஒயர்களை ஒட்டியிருந்தார்கள். டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆட்கள் ஓடினார்கள், ஊசி வந்தது, மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் தாறுமாறாக ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார்கள்.

"புதுசா என்ன சாப்பிட்டாரு?" என்று டாக்டர் கேட்டார். "எதுவுமே இல்லீங்க, என் கையால தவிர எதுவும் சாப்பிடறதில்ல" என்று நான் அடித்துச் சொன்னேன். அவரையும் கேட்டார்கள். அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. உப்பை யாராவது சாப்பாடு என்று நினைப்பார்களா?

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கதவுக்கு அடியில் உன் கடிதம் கிடந்தது. நின்றபடியே படித்தேன். அப்படியே அதை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் சொன்னேன். "அதுதான்" என்றார். அந்த உப்பில் பொட்டாசியம் இருப்பது உன் அண்ணனுக்கும் தெரியாதாம்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை விட்டுக்கொண்டிருக்கின்றன. மூன்று வருஷமாக. நல்ல சிறுநீரகம் தேவையான பொட்டாசியத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே அனுப்பிவிடும். அவருக்கு அந்த வழி அடைபட்டுக்கொண்டு வருகிறது. உனக்கும் எனக்கும் எது நல்லதோ அது அவர் உடம்பில் போகத் தெரியாமல் தேங்குகிறது. நீ கொண்டுவந்த பழத்தை நான் பிடுங்கியது அதனால்தான்.

உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "அவளுக்குத் தெரிஞ்சா மறுநாளே ஒரு கிட்னியத் தட்டுல வெச்சு எடுத்துட்டு வந்து நிப்பா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

உன் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. கோபம் இருக்கிறது. அவர் மேலும் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்த என் மேலும்.

இப்போது கிளம்பி வராதே. நீ வந்தால் அழுவாய். அவர் உன்னைச் சமாதானப்படுத்த ஆரம்பிப்பார். அதற்கு அவரிடம் இப்போது தெம்பில்லை.

அண்ணி


ஏப்ரல் 16

அண்ணி,

வரவில்லை. ரயில் நிலையம் வரை போனேன். நீங்கள் எழுதிய கடைசி வரியை நினைத்துத் திரும்பிவிட்டேன். திரும்பி வந்து குளத்தில் இறங்கினேன். தண்ணீருக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது.

என் வீட்டில் அதே உப்பு ஒரு பொட்டலம் இருக்கிறது. நான் தினமும் போட்டுக்கொள்வது. இன்றைக்கு அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், கீழே, எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபயோகிக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. உங்கள் வீட்டு எண்ணெய் பாட்டிலைத் திருப்பிப் படித்தவள் இதைப் படிக்கவில்லை.

மன்னிப்பு கேட்டால் நீங்கள் "சரி விடு" என்று சொல்லியாக வேண்டும். அந்தக் கஷ்டத்தை உங்களுக்குக் கொடுக்க விரும்பவில்லை. கோபம் இருக்கும்வரை இருக்கட்டும்.

ஆனால் எனக்கும் ஒரு கோபம் இருக்கிறது, அண்ணி. மூன்று வருஷம். நான் வந்து போன ஒவ்வொரு தடவையும் நீங்கள் இரண்டு பேரும் கண்ணாலேயே பேசிக்கொண்டீர்கள். எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பொட்டலம் போயிருக்குமா? என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அவன் தன்னையே பலி கொடுக்கப் பார்த்திருக்கிறான்.

அவன் சொன்னது சரிதான். தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்து நிற்பேன். எனக்கு இரண்டு இருக்கிறது. டாக்டரிடம் சொல்லுங்கள்.

தவளை


ஏப்ரல் 28

தங்கைக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டார். இனி வாரத்தில் சில நாட்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஊசி குத்திய கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் பார்த்துவிடக் கூடாதாம்.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "தண்ணியிலயே கிடக்கறவ. அவ உடம்புதான் அவ பொழப்பு. அதுல நான் கை வைக்க மாட்டேன். எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சத்தியம் வாங்கினார், அதனால் சொல்லவில்லை என்பது பாதிதான். நான் நினைத்திருந்தால் மீறியிருப்பேன். மீறாததற்குக் காரணம் வேறு. நான் எழுதினால் அது கேட்கிற மாதிரி ஆகிவிடும். பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கலாம், அவசரத்துக்குக் குடை கேட்கலாம். இதை எப்படிக் கேட்பது? அதுவும் அண்ணி நாத்தனாரிடம். நீ மறுக்க முடியாமல் போய்விடுவாய். பிறகு உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

சமையலைப் பற்றிக் கேட்டிருந்தால் எழுதலாம் என்றிருந்தேன், நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். யாரிடமும் பேசியதில்லை. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறப் போடுகிறேன். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டுகிறேன். மற்ற காய்களும் அப்படித்தான். ஊட்டச்சத்து ஆலோசகர் அம்மா சொல்லிக் கொடுத்தது. சத்தெல்லாம் தண்ணீரோடு போகத்தான் போகிறது, அதற்குத்தானே இவ்வளவும். கடைசியில் தட்டில் விழுவது காய் மாதிரி இருக்கும், காயாக இருக்காது.

அவருக்கு மட்டும் அதைப் போட்டுவிட்டு நான் வேறு சாப்பிட மனம் வரவில்லை. மூன்று வருஷமாக எனக்கும் அதேதான். பழம் நான் வாங்குவதே இல்லை. உப்பு மட்டும் எனக்குத் தொட்டுக்கொள்வேன், இல்லாவிட்டால் இறங்காது.

கடையில் நேற்று ஒரு கூத்து. உயர அலமாரியில் இருந்து ஃபிரேம் எடுக்க ஸ்டூலில் ஏறினேன். கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்து, இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் சிலை மாதிரி நின்றேன். வாடிக்கையாளர் ஒருவர் கை கொடுத்து இறக்கிவிட்டார். அடிக்கடி இப்படி ஆகிறது. நெஞ்சும் சில சமயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டுப் பிறகு அவசரமாகப் பிடிக்கிற மாதிரி படபடக்கிறது. வயசாகிறது, வேறென்ன. போன வருஷத்திலிருந்து எனக்கும் ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இது அவருக்குத் தெரியாது. நீயும் தெரியாத மாதிரி இரு.

அண்ணி


மே 4

அண்ணி,

இதைப் படித்து முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நீர் மாத்திரை நீரை மட்டும் வெளியேற்றாது. கூடவே பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். போவதை ஈடுகட்டச் சாப்பாட்டில் வர வேண்டும். உங்கள் சாப்பாட்டில் இருப்பதை நீங்களே ஊறவைத்து, வேகவைத்து, கொட்டிவிடுகிறீர்கள்! பழமும் இல்லை. மேலே உப்பு வேறு. சதை இழுப்பது, நெஞ்சு படபடப்பது இரண்டுக்கும் காரணம் வயசு இல்லாமல் இருக்கலாம். அண்ணனுக்கு ஏறியது எவ்வளவு ஆபத்தோ, உங்களுக்கு இறங்குவதும் ஆபத்துதான்.

ஒரு தடவை நான் தெரியாமல் சொல்லி என்ன ஆயிற்று என்று பார்த்தோம். அதனால் இதைச் சாப்பிடுங்கள், அதைச் சாப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை எழுத மாட்டேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: நீர் மாத்திரை, அண்ணன் சாப்பாட்டையே நானும் சாப்பிடுகிறேன், கெண்டைக்கால் இழுக்கிறது. மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

அந்த வீட்டில் இவ்வளவு நாள் நான் ஒரு தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்னொரு தட்டு இருப்பது கண்ணில் படவே இல்லை. அதற்குத்தான் உங்களிடம் மன்னிப்பு கேட்கிறேன். இதற்கு "சரி விடு" என்று சொல்லுங்கள்.

பிறகு, அண்ணன் மறுத்ததை வாசித்தேன். மறுக்கட்டும். எனக்கும் அவனுக்கும் ஒரே ரத்த வகை, பார்த்துவிட்டேன். இங்கே உள்ள ஆஸ்பத்திரியில் மற்ற பரிசோதனைகளையும் தொடங்கிவிட்டேன். என் உடம்புதான் என் பிழைப்பு என்றால், அதை என்ன செய்வது என்று முடிவு செய்கிறவளும் நானாகத்தானே இருக்க வேண்டும்? இதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். கையைக் காட்டி நிறுத்தினால் நிறுத்தாமல் படியுங்கள்.

நீங்கள் எதையும் கேட்கவில்லை அண்ணி. கேட்காமலே இருங்கள். உங்களால் எனக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை.

தவளை


மே 21

தங்கைக்கு,

சரி விடு.

போனேன். பொட்டாசியம் நன்றாகவே இறங்கியிருக்கிறது. டாக்டர் அம்மா என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். "அவருக்காக நீங்க பட்டினி கிடந்தா அவர் கிட்னி வளருமா?" என்று கேட்டார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். உங்கள் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, அதனால் பழம், கீரை, பருப்பு எல்லாம் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும் என்றார். நீ முதல் கடிதத்தில் எழுதிய அதே பாடம்தான். எனக்கு அனுப்ப வேண்டியதை ஆள் மாற்றி அவருக்கு அனுப்பிவிட்டாய்.

அவரிடமும் சொல்லியாக வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினார். "எங்கிட்ட மறைச்சியா?" என்றார். "நீங்க உங்க தங்கச்சிகிட்ட மறைக்கலையா?" என்றேன். இப்போது எங்கள் அடுப்பில் இரண்டு பாத்திரம். மெஷினுக்குப் போகாத நாட்களில் அவரே கடைக்குப் போய் எனக்கு வாழைப்பழம் வாங்கி வந்து, எதிரில் உட்கார்ந்து, நான் முழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் நாள் தொண்டையில் சிக்கியது. "மென்னு தின்னு, யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க" என்றார். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம்.

இப்போது முக்கியமானது. உன் கடிதத்தை நிறுத்தாமல் படித்தேன். அவர் சமையலறைக் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். கேட்காத மாதிரி திருகிக்கொண்டே இருந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னேன்: "அவ குடுக்கறத வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. நான் அதப் பத்திப் பேசல. எனக்கு நீங்க வேணும். அத மட்டும் சொல்லிக்கறேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் அப்படி ஒரு வாக்கியம் சொன்னதே இல்லை. நாங்கள் அப்படிப் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது, இரண்டு பேரும் மூடவில்லை. "எல்லா டெஸ்டும் முடிக்கட்டும். அவளுக்கு ஒரு குறையும் வராதுன்னு டாக்டர் என் முகத்தப் பார்த்துச் சொல்லணும். அப்புறம் பாக்கலாம்" என்றார்.

கேட்கக்கூடாத ஒன்று என்று எழுதியிருந்தேன். கேட்காமலே இருங்கள் என்று நீயும் பெருந்தன்மையாக எழுதிவிட்டாய். அப்படி ஒளிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. நான் கேட்கிறேன். முடியாவிட்டால் முடியாது என்று எழுது, அதற்குப் பிறகும் நீ வந்து என் டப்பாக்களை மோந்து பார்க்கலாம். ஆனால் கேட்டேன் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணி


செப்டம்பர் 9

அண்ணி,

எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. ஊசி போடாத இடம் என் உடம்பில் உள்ளங்கால் மட்டும்தான். ஒரு மனநல மருத்துவரும் பேசினார். "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா?" என்று கேட்டார். "என் அண்ணிதான், நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்டாங்க. நான் அதுக்கு முன்னாடியே பிடிவாதமா இருந்தேன்" என்றேன். எழுதிக்கொண்டார். உங்கள் டாக்டர் அண்ணனின் முகத்தைப் பார்த்துச் சொல்லியும் விட்டாராமே. போனில் அண்ணன் சொன்னான்.

புதன்கிழமை ரயிலில் வருகிறேன்.

ஒன்று உங்களிடம் மட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. செத்துப்போவதைப் பற்றி இல்லை, அப்படி ஒன்றும் ஆகாது என்று நம்புகிறேன். மயக்க மருந்து கொடுத்ததும் நாம் எங்கே போகிறோம் என்று தெரியாதே, அதுதான். தண்ணீருக்குள் இருக்கும்போதுகூட எனக்கு மேலே எது, கீழே எது என்று தெரியும். அண்ணனிடம் சொல்லாதீர்கள், உடனே வேண்டாம் என்று எழுந்து போய்விடுவான். அறுவை சிகிச்சை அறைக்குள் போகும்வரை நீங்கள் என் பக்கம் இருக்க முடியுமா? அண்ணன் பக்கம் அவன்கூட வேலை பார்ப்பவர் இருக்கட்டும். இது நான் கேட்பது.

தவளை


பிப்ரவரி 2

தங்கைக்கு,

உன் தழும்பைக் குளத்துப் பிள்ளைகள் சுறா கடித்தது என்று நம்புவதாக எழுதியிருந்தாய். அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறாய் பார், உன் புத்தி அதுதான். மறுபடியும் முழு நீளம் நீந்த ஆரம்பித்தது டாக்டருக்குத் தெரியுமா? தெரியும் என்று எழுதினால் மட்டும் நம்புவேன்.

இங்கே எல்லாம் சரியாகப் போகிறது. உன் அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார். கனமான எதையும் தூக்கவிடுவதில்லை, மேற்பார்வைதான். புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஏற்றுக்கொள்வதற்காகக் கொடுக்கும் மாத்திரைகளிலேயே ஒன்று பொட்டாசியத்தை ஏற்றிவிடுமாம். அதனால் ஆரம்பத்தில் பயந்துகொண்டே இருந்தோம். முதல் சில மாதங்கள் இரண்டு பாத்திரச் சமையலை விடவில்லை. போன வாரப் பரிசோதனையில் எல்லாம் சமமாக இருக்கிறது, இனி அளவாக எல்லாமே சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, கால் இழுப்பதில்லை. அறுவை சிகிச்சை அறை வாசலில் நீ என் கையை நசுக்கியதில் சுண்டு விரல் மட்டும் இன்னும் கொஞ்சம் வலிக்கிறது.

நேற்று நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது ஆரஞ்சு வாங்கி வந்து மேசையில் வைத்தேன். எனக்காகத்தான். நான் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அவர் ஒரு பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் புதிதாக வந்திருக்கும் மேலாளர் லிஃப்டில் ஏறவே பயப்படுகிறாராம், மாடி முழுக்கப் படியில்தான் போகிறாராம். அதைச் சொல்லிக்கொண்டே ஒரு சுளையை வாயில் போட்டார். மென்றார். கொட்டையைக் கையில் துப்பினார். இன்னொரு சுளை. அந்த மேலாளர் மூச்சு வாங்குவதை நடித்துக் காட்டினார். இன்னொன்று.

மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது, தங்கையே. இத்தனை நாளில் அந்த மனிதர் வாய்க்குள் எது போனாலும் முதலில் நான் அதைப் பார்ப்பேன், பிறகு அவர் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். நேற்று அவர் அந்தப் பழத்தைப் பார்க்கவே இல்லை. கதைதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு முழுப் பழம் தீர்ந்துபோனது அவருக்கே தெரியவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவர் கவனித்துவிடுவார். துண்டை முகத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

வெறும் தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்றார்.

"ஒண்ணு போதும்" என்றேன்.

அண்ணி